பிலிப்பினோ பணிப்பெண் உதவி கேட்டு வந்தால்: லிஃப்டில் பேசும் முதல் பேச்சிலிருந்து மணிலா வழக்கு வரை

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண் லிஃப்டில் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுப்பார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பார். இப்படிப்பட்ட முதல் பேச்சு தூதரக அதிகாரியிடமோ வக்கீலிடமோ நடப்பது குறைவு. சிங்கப்பூரில் பல நேரம் அது நம்மைப் போன்ற ஒரு தமிழ்க் குடும்பத்திடம்தான் வந்து சேர்கிறது, ஏனென்றால் நாம்தான் பக்கத்தில் இருக்கிறோம்.

சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த உதவி வேலையைச் செய்துவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில் தடுமாறிவிடுகிறார்கள். நியாயம் கேட்கிறேன் என்று ஒருவர் முதலாளிக்குப் போன் செய்தார். அன்றிரவே அந்தப் பெண்ணை விமானம் ஏற்றிவிட்டார்கள். கையில் ஒரு தாள்கூட இல்லை.

பிலிப்பினோ தொழிலாளிக்கு நியாயம் கேட்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று வேலை செய்யும் நாடு, இன்னொன்று மணிலா. அவரை அனுப்பிய மணிலா ஏஜென்சி, வெளிநாட்டு முதலாளியின் பாக்கிக்குத் தானும் பொறுப்பு என்று பிலிப்பைன்ஸ் சட்டம் சொல்கிறது. 1995-இல் வந்து 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் அது. இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தாலும், அதற்கு வேண்டிய தாள்களை அவர் இங்கே இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன்: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு பெயர்கள் போதும்.

டி.எம்.டபிள்யூ. என்பது பிலிப்பைன்ஸின் புலம்பெயர் தொழிலாளர் துறை. 2021 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் உருவானது. ஏஜென்சிக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் இதன் கையில். பழைய தாள்களில் பி.ஓ.இ.ஏ. என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அந்த அமைப்பு இதற்குள் வந்துவிட்டது.

எம்.டபிள்யூ.ஓ. என்பது அந்தத் துறையின் வெளிநாட்டு அலுவலகம். முன்பு போலோ என்பார்கள், வயதான பணிப்பெண்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் நாசிம் சாலையில், தூதரக வளாகத்தில் இருக்கிறது. சம்பளம், ஒப்பந்தம், ஓய்வு நாள் என்று வேலை சம்பந்தப்பட்டது எல்லாம் இங்கே.

தூதரகம் பாஸ்போர்ட், காவல்துறை வழக்கு, நீதிமன்றம், மரணம் போன்றவற்றைப் பார்க்கும்.

ஓவா என்பது தொழிலாளர் நல நிதி. ஓர் ஒப்பந்தத்துக்கு 25 அமெரிக்க டாலர் கட்டி உறுப்பினர் ஆவார்கள், அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். ஊரில் இருக்கும் குடும்பம் பிலிப்பைன்ஸுக்குள் இருந்து 1348 என்ற எண்ணில் இவர்களை அழைக்கலாம்.

இவை தவிர ஒரு நோட்டுப் புத்தகமும், தகாலோக் பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும். நன்றாக ஆங்கிலம் பேசும் பெண்கூட அழும்போது தன் மொழியில்தான் சரியாகச் சொல்வார். ஏஜென்சி ஆளை மட்டும் மொழிபெயர்க்க வைத்துவிடாதீர்கள்.

2. முதல் பேச்சில் மூன்று கேள்விதான்

இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா? பாஸ்போர்ட்டும் போனும் யாரிடம்? ஊருக்கு அனுப்பப் போவதாக யாராவது சொன்னார்களா, என்றைக்கு?

முழுக் கதையையும் அன்றே கேட்க உட்கார வேண்டாம். அவருக்கு நேரம் இருக்காது. இந்த மூன்றும் தெரிந்தால்தான் நமக்கு ஒரு மாதம் இருக்கிறதா, ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று தெரியும்.

அடி, பாலியல் தொல்லை, சாப்பாடு கொடுக்காமல் வைப்பது என்றால் வேறு யோசனையே வேண்டாம், காவல்துறைக்கு அழையுங்கள், சிங்கப்பூரில் 999. காயம் இருந்தால் அன்றே மருத்துவர். எப்படி ஏற்பட்டது என்று அவர் சொன்னது மருத்துவரின் குறிப்பில் ஏற வேண்டும். பத்து நாள் கழித்து நாம் காட்டும் போட்டோவைவிட அன்றைய மருத்துவக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அது குற்றம். ஆனால் "போய்க் கேள்" என்று அவரை உடனே அனுப்ப வேண்டாம். கேட்டால் முதலாளி உஷாராகிவிடுவார். அப்படி ஆக வேண்டிய வேளை இன்னும் வரவில்லை.

திரும்ப எப்படிப் பேசுவது என்று முடிவு செய்துகொண்டே பிரியுங்கள். அவர் போனுக்கு நீங்களாகச் செய்தி அனுப்பாதீர்கள். பல வீடுகளில் இரவு போனை வாங்கி வைத்துவிடுவார்கள், செய்திகளையும் படிப்பார்கள். குப்பை கொட்டப் போகும் நேரம், குழந்தையைப் பள்ளியில் விடப் போகும் நேரம் என்று அவர் சொல்லும் நேரம்தான் நம் நேரம்.

3. எந்த வழியில் வந்தார் என்று கேளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. யார் பொறுப்பு என்பது இதை வைத்துத்தான் முடிவாகிறது.

உரிமம் பெற்ற மணிலா ஏஜென்சி வழியாக வந்திருந்தால் அவரிடம் ஓ.இ.சி. என்ற வெளிநாட்டு வேலைச் சான்றிதழ் இருந்திருக்கும். இப்போது அதையே போனில் ஓ.எஃப்.டபிள்யூ. பாஸ் என்றும் எடுக்கிறார்கள். விமான நிலையத்தில் அதைக் காட்டித்தான் வெளியே வந்திருப்பார். அது இருந்தால் ஏஜென்சி, முதலாளி, சம்பளம், வேலையிடம் எல்லாம் டி.எம்.டபிள்யூ. பதிவில் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "ஏஜென்ட் பெயர் என்ன?" என்று கேட்டால் அந்தப் பெண் சிங்கப்பூர் ஏஜென்சியின் பெயரைத்தான் சொல்வார். தினமும் பார்ப்பது அவர்களைத்தானே. அதை எழுதிக்கொண்டு நிறுத்திவிடுகிறோம். மணிலா ஏஜென்சியின் பெயரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் வழக்கு நிற்கப் போவது அந்தப் பெயரில்.

சுற்றுலா விசாவில் வந்து இங்கே வேலை அனுமதிக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். மின்தனாவோவின் சம்போவாங்கா பக்கமிருந்து படகில் சபாவுக்குப் போய் அங்கிருந்து வேறு நாடு போனவர்களும் உண்டு. இவர்களுக்குத் தூதரகத்தின் பக்கம் போகவே பயம், "நான் தப்பு வழியில் வந்தவள்" என்பார்கள். பதிவு உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று அந்த 1995 சட்டமே சொல்கிறது. இதை அவருக்கு முதலில் சொல்லுங்கள். தோளில் இருந்து பாரம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: இதே ஆள் வேறு யாரையெல்லாம் அனுப்பினான்? உரிமம் இல்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். அதை மூன்று பேர் அல்லது அதற்கு மேல் கூட்டாகச் செய்தாலோ, மூன்று பேர் அல்லது அதற்கு மேல் ஏமாந்திருந்தாலோ அது பொருளாதார நாசவேலை ஆகிறது. தண்டனை ஆயுள் சிறை, 20 லட்சம் முதல் 50 லட்சம் பெசோ வரை அபராதம். தனி ஒருவரின் புகாருக்கும் மூன்று பேர் சேர்ந்த புகாருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

4. தாள்களைப் படம் எடுங்கள், வேறு இடத்துக்கு அனுப்புங்கள்

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், வேலை அனுமதி அட்டை முன்னும் பின்னும், ஓ.இ.சி., மணிலாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வேலை அனுமதிக்காகச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முதலில் கொடுத்த கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம், சிங்கப்பூர் ஏஜென்சி ஒப்பந்தம், கடன் பிடித்த அட்டவணை, சம்பளத் தாள், காப்பீட்டுச் சான்றிதழ், பயிற்சிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் பணம் கட்டிய ரசீதுகள். எல்லாம் கிடைக்காது. கிடைப்பதை எடுங்கள். ஊரில் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு நகல் இருக்கும், அவர்களிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே பிலிப்பினோக்கள் கூடும் லக்கி பிளாசா கடைத்தொகுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பெண் தன் ஒப்பந்தத்தை எடுத்தது நினைவிருக்கிறது. பைபிள் உறைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் சம்பளத் தொகையின் நடு எண் தேய்ந்துபோயிருந்தது. "ஆத்தே, இதைப் பாருங்கள், ஒன்றும் தெரியவில்லை" என்று என்னிடம் கண் கலங்கினார். ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் எம்.டபிள்யூ.ஓ. சரிபார்த்த முத்திரையும் எண்ணும் தெளிவாக இருந்தன. அந்த எண்ணை வைத்து அலுவலகத்தில் மூலப் பிரதியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பின்பக்கத்தையும் எடுக்காமல் நான் படம் எடுப்பதில்லை.

எடுத்த படங்களை ஊரில் நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலுக்கு அங்கேயே அனுப்பிவிடுங்கள். அவருடைய போனில் மட்டும் இருந்தால் இல்லாத மாதிரிதான். பிரச்சினை வெடித்ததும் முதலில் போவது போன்.

5. இரண்டு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

மணிலாவில் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், இங்கே வந்ததும் நீட்டிய தாளில் ஒரு சம்பளம். ஒப்புதலான ஒப்பந்தத்தைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவது பிலிப்பைன்ஸ் சட்டப்படி குற்றம். வேறு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதால் மணிலா ஏஜென்சியின் பொறுப்பு போய்விடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே "நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி என்ன செய்ய" என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நான்கு விஷயம் பாருங்கள்: சம்பளம், முதலாளி பெயர், வீட்டு முகவரி, ஓய்வு நாள். முதலாளி பெயர் ஒன்று, வேலை செய்வது அவருடைய அண்ணன் வீட்டில் என்பது அடிக்கடி வருகிறது. வேலை அனுமதியில் இல்லாத வீட்டில் வேலை வாங்குவது இங்கே தனிப் புகார்.

சம்பளத்துக்கு வருவோம். வீட்டு வேலைக்குப் போகிறவருக்குக் குறைந்தபட்சம் 400 அமெரிக்க டாலர் என்பது பிலிப்பைன்ஸ் அரசு 2006-இல் எடுத்த முடிவு. 2025-இல் அதை 500 ஆக்குவதாகத் துறை அறிவித்தது. எந்த ஆண்டு ஒப்பந்தம் என்று பார்த்துக் கணக்கிடுங்கள்.

பிடித்தம்தான் சிக்கலான இடம். வீட்டுப் பணியாளரிடம் வேலை வாங்கித் தரும் கட்டணம் வாங்கவே கூடாது என்பது பிலிப்பைன்ஸ் விதி. சிங்கப்பூர் விதியோ, இங்குள்ள ஏஜென்சி ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம் என்கிறது. அந்தப் பெண் இரண்டையும் சேர்த்து "லோன்" என்று ஒரே வார்த்தையில் சொல்வார். பிரித்துக் கேளுங்கள். எங்கே கையெழுத்து வாங்கினார்கள், யார் கடன் கொடுத்தது, ரசீதில் எந்த நிறுவனத்தின் பெயர்? இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்திருந்தால் இங்கேயே புகார் செய்யலாம். மணிலாவில் வாங்கியது மணிலாப் புகாரில் சேரும். ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை முடித்துவிட்டால் சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கியதில் பாதியாவது திருப்பித் தர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. கணக்கை மாதம் மாதமாக எழுதுங்கள்

"ஏறக்குறைய ஐந்து மாதம் தரவில்லை" என்று போய் நின்றால் எதிர்த்தரப்பு கையெழுத்திட்ட சம்பளத் தாளை எடுத்து வைத்துவிடும். அதற்கு முன்பே நாம் உட்கார்ந்து ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு பாக்கி என்று மூன்று நெடுவரிசையாக எழுதிவிட வேண்டும்.

நினைவு வராது என்பார்கள். தேதி கேட்டால் வராதுதான். நாள் விசேஷத்தைக் கேளுங்கள். பிலிப்பினோக்களுக்குச் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும், "பெர் மாதங்கள்" என்பார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பினாயா, மகள் பிறந்தநாளுக்கு, பள்ளி திறந்தபோது என்று கேட்டால் ஒவ்வொரு மாதமாகத் தானாக வெளியே வரும். பணம் அனுப்பிய ரசீதுகள் நல்ல துணைச் சான்று. மாதாமாதம் அனுப்பியவர் நான்கு மாதம் எதுவும் அனுப்பவில்லை என்றால் அந்த இடைவெளியே பேசும்.

சம்பளத் தாளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு வழக்கில் பன்னிரண்டு மாதக் கையெழுத்தும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழே கடகடவென்று போட்ட மாதிரி இருந்தன. கேட்டபோதுதான் சொன்னார், ஒரே நாளில் சமையலறை மேசையில் உட்கார வைத்து எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கினார்களாம். அது எந்த நாள், யார் கூட இருந்தார்கள் என்று அன்றே எழுதி வைத்தோம்.

"உன் பணத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி சொன்னாலும் அது கொடுத்த சம்பளம் ஆகாது. பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி வைத்துக்கொள்வதற்கு 2019 முதல் இங்கே தடை. ஓய்வு நாளையும் கணக்கில் சேருங்கள். மாதம் ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது என்பது 2023 ஜனவரி 1 முதல் விதி.

7. எங்கே முதலில் போவது

வேலை செய்யும் நாட்டின் தொழிலாளர் அமைச்சு (சிங்கப்பூரில் மனிதவள அமைச்சு) முதலில், அதே நாளில் எம்.டபிள்யூ.ஓ. இதுதான் என் வரிசை. மணிலா வழக்கு மூன்று ஆண்டு காத்திருக்கும். இங்குள்ள புகாரோ, வேலை அனுமதியை ரத்து செய்து விமானம் ஏற்றிவிட்டால் உயிரில்லாமல் போய்விடும். விசாரணை நடக்கும்போது அவர் இங்கே தங்க சிறப்பு அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். அது கையில் வந்தபின் யாரும் அவரை இரவோடு இரவாக அனுப்ப முடியாது.

எம்.டபிள்யூ.ஓ. இரண்டு ஏஜென்சியையும் முதலாளியையும் கூப்பிட்டுப் பேசும், தங்க இடமும் பார்க்கும். அங்கிருந்து போகும் கடிதத்துக்கு மணிலா ஏஜென்சி பயப்படும். காரணம், அதன் உரிமம் டி.எம்.டபிள்யூ. கையில்.

அங்கே போகும் அன்றே இரண்டு வேலை முடித்துவிடுங்கள். நடந்ததை எழுதிச் சத்தியப் பிரமாணமாகக் கையெழுத்திட வையுங்கள். அப்புறம், ஊரில் ஒரு உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தூதரகத்தில் சான்று வாங்குங்கள். அவர் வேறு வேலைக்கு மாறி இங்கேயே இருந்தாலும் அக்காவோ கணவரோ அங்கே போய் வழக்குப் போட முடியும்.

ஏஜென்சியிடம் முதலில் போகாதீர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் முதலாளி. முகநூலில் எழுதவும் வேண்டாம், குறைந்தது இந்தக் கட்டத்தில். படமும் பெயரும் போட்டால் அவதூறு வழக்கு அந்தப் பெண்ணின் மேலேயே வரும்.

எல்லாவற்றையும் மீறி விமான நிலையத்துக்கே கூட்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லி வையுங்கள். சாங்கியில் குடிநுழைவு அதிகாரியிடம், "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று கவுண்டரைத் தாண்டும் முன் சொல்ல வேண்டும். தாண்டிவிட்டால் கடினம். இந்த ஒரு வாக்கியத்தை நான் எல்லோரையும் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வைப்பேன். மனதுக்குள் தெரிந்திருந்தாலும் சீருடை போட்டவர் முன்னால் வாய் வராது.

8. வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் எது மாறும்

துபாய், ரியாத், குவைத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு. அங்கே வீட்டை விட்டு வெளியேறியதும் முதலாளி "ஓடிவிட்டாள்" என்று புகார் கொடுத்துவிடுவார். சவூதியில் ஹுரூப் என்பார்கள். அந்தப் புகார் பதிவானால் சம்பளப் பாக்கி கேட்க வந்தவர் சட்டத்தை மீறியவராக ஆகிவிடுகிறார். அதனால் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை முதலில் எம்.டபிள்யூ.ஓ.வுக்குத் தகவல், அப்புறம் வெளியேறுவது. வெளியேறினால் நேராகத் தூதரகக் காப்பகம் அல்லது காவல் நிலையம். நடுவில் ஊர்க்காரர் ஒருவர் பகுதி நேர வேலை தருகிறேன் என்று கூப்பிடுவார். அங்கே போன பலரை மீட்க மாதக்கணக்கானது.

குவைத்தில் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018 மே மாதம் இரு நாடும் செய்த உடன்பாட்டிலேயே இருக்கிறது. அதைச் சுட்டிக் கேளுங்கள்.

ஹாங்காங்கில் எதிரி கடிகாரம். வேலை முடிந்தால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும், எனவே முதல் நாளே தொழிலாளர் துறைக்குப் போங்கள். அங்குள்ள ஏஜென்சி முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

9. கையெழுத்துப் போடும் முன் நிறுத்துங்கள்

பயண நாள் நெருங்கும்போது ஒரு தாள் வரும். "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட் என்பார்கள். திரும்ப அனுப்பும் செலவு முதலாளியுடையது, பிலிப்பைன்ஸ் சட்டப்படி ஏஜென்சியுடையதும்கூட. டிக்கெட்டுக்கு விலையாகக் கையெழுத்துக் கேட்க முடியாது.

கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு போவது தப்பில்லை. கடன்காரன் ஊரில் காத்திருப்பான். "ஐந்து வாங்கினால் ஆறு" என்ற வட்டிக்கு வாங்கிவிட்டு வந்தவர்கள் அதிகம். ஆனால் தாளில் "இன்ன மாதங்களுக்கான பகுதித் தொகை மட்டும்" என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்திடட்டும். பணம் வங்கி வழியாக வரட்டும். "இனி கோரிக்கை இல்லை" என்று நியாயமில்லாமல் எழுதி வாங்கிய பத்திரங்களைப் பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்கள் தள்ளிவிடுவது உண்டு. ஆனால் அதற்காக வாதாடியே ஓர் ஆண்டு போய்விடும்.

அமைச்சின் வழக்கு எண், எம்.டபிள்யூ.ஓ. அறிக்கையின் நகல், மருத்துவக் குறிப்பு மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் வேண்டாம்.

10. மணிலாவில்

இறங்கியதும் விமான நிலையத்தில் ஓவா மேசை இருக்கும். அங்கே பெயரைப் பதிந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் குழந்தையைப் பார்க்கும் அவசரத்தில் நேராக வெளியே போய்விடுகிறார்கள். பாவம், யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் படி சேனா என்று சொல்லும் சமரசப் பேச்சு. முப்பது நாள் கெடு. டி.எம்.டபிள்யூ.வில் மனுக் கொடுத்தால் ஏஜென்சியைக் கூப்பிடுவார்கள். தாள் சரியாக இருக்கும் வழக்குகள் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்குத்தான் ஆறாம் படியில் அவ்வளவு நேரம் செலவழித்தோம்.

முடியாவிட்டால் என்.எல்.ஆர்.சி. என்ற தொழிலாளர் ஆணையம். இதற்காக மணிலாவில் தங்க வேண்டியதில்லை. தன் ஊர் எந்தக் கிளைக்குள் வருகிறதோ அங்கேயே போடலாம். பணக் கோரிக்கைக்குக் கெடு மூன்று ஆண்டு. ஏஜென்சி மட்டுமல்லாமல் அதன் இயக்குநர்களும் நேரடிப் பொறுப்பு, எல்லோர் பெயரையும் சேருங்கள். தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்று சட்டம் சொல்லும். மேல்முறையீடு போனால் ஆண்டுகள் ஆகும் என்பதை அவருக்கு முன்பே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்பது? சம்பளப் பாக்கி ஒன்று. காரணமில்லாமல் வேலையை நிறுத்தியிருந்தால் ஒப்பந்தத்தில் மீதமிருந்த மாதங்கள் முழுவதற்கும் சம்பளம் கேட்கலாம். ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம்தான் என்று சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதைச் செல்லாது என்றது, 2014-இல் மறுபடியும் உறுதி செய்தது. ஏஜென்சிக்காரர்கள் இன்னும் சமரச மேசையில் அந்தப் பழைய மூன்று மாதக் கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் ஒப்பந்தம் முடிந்தபின், ஏஜென்சிக்குத் தெரியாமல் முதலாளியும் அவரும் நேராகப் பேசி நீட்டித்திருந்தால், அந்த நீட்டிப்புக் காலத்துக்கு ஏஜென்சியைப் பிடிக்க முடியாது. தைவானில் வேலை செய்த ஒரு பணிப்பெண்ணின் வழக்கில் 2006-இல் அப்படித்தான் தீர்ப்பானது. ஆகவே பாக்கி எந்த ஒப்பந்தக் காலத்தில் விழுந்தது என்று தேதி பார்த்து எழுதுங்கள்.

காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். ஏஜென்சி வழியாகப் போகிறவருக்கு ஏஜென்சியின் செலவில் காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் 15,000 அமெரிக்க டாலர், இயற்கை மரணம் என்றால் 10,000, நிரந்தர முழு ஊனத்துக்கு 7,500. வழக்கில் வென்ற தொகைக்கும் ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று மாதச் சம்பளம் அளவுக்குக் காப்பீடு உண்டு. வழக்கு நடத்தும் காலத்தில் மாதம் 100 டாலர் வீதம் ஆறு மாதம் வரை பிழைப்புப் படியும் உண்டு. சான்றிதழைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காக.

11. அடுத்த வேலைக்கு அவசரப்படும்போது

கடன் நெருக்கும். மூன்று மாதத்தில் இன்னொரு ஏஜென்டின் செய்தி வந்துவிடும். டி.எம்.டபிள்யூ. இணையதளத்தில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: ஏஜென்சிக்கு உரிமம் உயிரோடு இருக்கிறதா, அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஒப்புதலான பணி ஆணை இருக்கிறதா? முதலாவதை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். உரிமம் இருக்கும், அந்த வேலை இருக்காது. பதிவான முகவரிக்கு வெளியே, ஊரில் யாரோ வீட்டில் நேர்காணல் என்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், காட்டச் சொல்லுங்கள். "முதலில் சுற்றுலாவாக வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் பேச்சை அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பிலிப்பினோ பணிப்பெண் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. அவரை விடுப்பில் ஊருக்கு அனுப்பும்போது, டிக்கெட் எடுக்கும் முன்பே ஓ.இ.சி. பார்த்துவிடுங்கள். அதே முதலாளி, அதே வேலையிடம் என்றால் இணையத்திலேயே விலக்கு கிடைக்கும். வேறு வீட்டிலிருந்து உங்களிடம் மாறி வந்தவர் என்றால் விலக்கு கிடைக்காது, ஒப்பந்தத்தை எம்.டபிள்யூ.ஓ.வில் சரிபார்த்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது 60 நாள்தான் செல்லும். இதைச் செய்யாமல் போய் மணிலாவில் மாட்டிக்கொண்டு, திரும்பும் விமானத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவு இரு பக்கமும்.

12. அனுப்பிய பிறகு

இறங்கிய மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். முதல் நாள் உறவினர் கூட்டம், இரண்டாம் நாள் தூக்கம். மூன்றாம் நாள்தான் பேச முடியும். சேனா தேதியைக் கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்கு முந்தின மாலை மறுபடி அழையுங்கள். மாகாணத்திலிருந்து பேருந்தில் பத்து மணி நேரம் வர வேண்டியவர் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை, காய்ச்சல் என்று அன்றைய நாளை விட்டுவிடக்கூடும். தேதி மாற்றித் தருவார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாள்களின் படங்கள் இருக்கும் மின்னஞ்சலைத் திறக்கத் தெரிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் மறந்துபோயிருக்கும்.